தலை குனிந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி: பத்து வருஷமாக ஒரே ஆபீஸ். குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறேன். நேற்று வந்தவர் மேனேஜர் ஆகிவிட்டார். நான் எதைச் செய்யவில்லை?
– ஒரு வாசகர், கிளேட்டன், மெல்பர்ன்

பதில்: தலையை நிமிர்த்தவில்லை! நிமிர்த்தியிருந்தால் உங்கள் ஊர் மோனாஷ் பல்கலைக்கழகப் பெயர்ப்பலகையாவது கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜான் மோனாஷ், 1894-இல் மெல்பர்ன் துறைமுக வேலையைப் பறிகொடுத்த எஞ்சினியர். 'தலையெழுத்து' என்று உட்காரவில்லை. கூட்டாளி பிடித்துச் சொந்தத் தொழில் தொடங்கினார், சட்டமும் படித்து வைத்தார். விக்டோரியாவுக்கு அன்று புதுசான கம்பி கட்டிய கான்கிரீட்டில் பாலம் போட்டார். 1921-இல் மாநில மின்சார ஆணையத்தின் தலைவர்!

பதவியில் உயர வேண்டுமானால் திட்டமிடு, கற்றுக்கொள், யோசனை கேள், நாலு பேரைத் தெரிந்துகொள் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கடைசியாகச் சொன்னதில்தான் நமக்குக் கூச்சம். மேனேஜரோடு ஒருவன் காபி குடிக்கப் போனால் 'ஐஸ் வைக்கிறான்' என்போம். நாம் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிச் சாப்பிடுவோம்.

இத்தனையும் செய்தும் பதவி வராமல் போகலாம். நாற்காலி ஒன்றுதானே! அது கிடக்கட்டும், உங்களுக்கு அந்த ஆசை இருப்பது உங்கள் மேனேஜருக்குத் தெரியுமா?