25 புள்ளி நிலா

பால்வெளியைப் போனில் படம் பிடிப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் முந்தாநாள் பௌர்ணமியின் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. மாம்பலத்து நிலா, மதுரை நிலா, துபாய் நிலா, எல்லாம் ஒரே நிலா. இருப்பதே ஒன்றுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாம்பலத்துப் புகைக்கு நடுவிலும் அதே பள்ளம், அதே கீற்று, அதே துலக்கம் என்றால் கொஞ்சம் இடிக்கிறது. போதாததற்குக் காலையிலிருந்தே செய்தி: வானில் அதிசயம், சூப்பர் மூன், தவறவிடாதீர்கள். 2025 அக்டோபரில் தொடங்கி 2026 ஜனவரி வரை தொடர்ந்து நாலு பௌர்ணமிக்கு இதே செய்தி ஓடியது. மாசா மாசம் வருவதெல்லாம் அதிசயம் என்றால் கேபிள்காரர் வருவதும் அதிசயம்தான். சூப்பர் மூன் என்று பெயர் வைத்தவர் வானியலாளரும் இல்லை. 1979-இல் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்க ஜோசியர், ஒரு ஜோசியப் பத்திரிகையில் வைத்த பெயர் அது. பூமிக்கு ரொம்பத் தள்ளி நிற்கும் பௌர்ணமியோடு ஒப்பிட்டால் இது 14 சதவீதம் பெரிசு. சராசரி பௌர்ணமியோடு ஒப்பிட்டால் அதிலும் பாதிதான். ஆடித் தள்ளுபடிகூட இதைவிடத் தாராளம்.

போகட்டும், கேமராவுக்கு வருவோம். 200 மெகாபிக்சல் என்று விளம்பரம் முழங்குகிறது. அதாவது 20 கோடி புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் 0.6 மைக்ரான் அகலம். அதில் விழும் வெளிச்சம் இருட்டில் எதற்கும் காணாது என்பதால் 16 புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கிறது போன். மிச்சம் ஒன்றேகால் கோடி. இதில் நிலாவுக்கு எவ்வளவு? கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பாருங்கள், நிலா அந்த விரலில் பாதி அகலம்தான், அரை டிகிரி. போனின் சாதாரண லென்ஸோ 70 டிகிரிக்கு மேல் வளைத்துப் பார்க்கிறது. வகுத்துப் பார்த்தால் நிலாவுக்குக் குறுக்கே கிடைப்பது சுமார் 25 புள்ளி. மார்கழியில் அதைவிடப் பெரிய புள்ளிக் கோலம் போடுகிற வாசல்கள் உண்டு. பத்து மடங்கு ஜூம் லென்ஸ் வைத்த விலையுயர்ந்த போன் என்றால் குறுக்கே 200 புள்ளி சொச்சம் தேறும். அது மோசமில்லை. 200 புள்ளியில் பாட்டி தெரிவாள், வடை தெரியாது. ஆனால் ஸ்டேட்டஸில் வந்த நிலாக்களில் வடையும் தெரிந்தது, வடையின் ஓட்டையும் தெரிந்தது. அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

2023 மார்ச்சில் ஒருவர் இதை அழகாகச் சோதித்துக் காட்டினார். நல்ல நிலாப்படம் ஒன்றை 170-க்கு 170 புள்ளியாகச் சுருக்கி, அதையும் கலங்கடித்து, கணினித் திரையில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, எட்ட நின்று சாம்சங் கேலக்ஸி போனால் எடுத்தார். திரையில் இருந்தது பூஞ்சை பிடித்த இட்லி மாதிரி ஒரு வெள்ளை வட்டம். போன் கொடுத்த படத்தில் பள்ளங்கள்! படம் எதையும் மேலே ஒட்டவில்லை, நிலா என்று அடையாளம் தெரிந்ததும் செயற்கை நுண்ணறிவு விவரங்களை மேம்படுத்துகிறது என்பது நிறுவனத்தின் விளக்கம். மேம்படுத்துவது! இந்த வித்தையை நம் ஊரில் கோனார் உரை காலத்திலிருந்தே செய்துவருகிறோம். வினாத்தாளில் கேள்வி சரியாக அச்சாகவில்லை, மை கலங்கியிருக்கிறது, ‘நி’ என்ற எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது. மனப்பாடப் பையன் தயங்குவானா? நிலா பற்றி நாலு பக்கம், சிவப்பு மையில் தலைப்பு, அடிக்கோடு, கூடுதல் தாளுக்கு நூல் கட்டல் எல்லாம் முடித்து, மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவான். பசு பற்றிக் கேட்டால் பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டிவிட்டுத் தென்னையைப் பற்றி எழுதிய நம் பழைய பையனாவது கொஞ்சம் சிரமப்பட்டான்; பசுவுக்கும் தென்னைக்கும் நடுவில் ஒரு கயிறு தேவைப்பட்டது. போனுக்குக் கயிறும் வேண்டாம். ஏனென்றால் நிலா மாதிரி சுலபமான பாடம் உலகத்திலேயே கிடையாது. பூமியைச் சுற்ற 27 நாள் சொச்சம், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் அதே 27 நாள் சொச்சம். அதனால் லேசான ஆட்டம் தவிர எப்போதும் ஒரே முகத்தையே காட்டுகிறது. வருஷா வருஷம் ஒரே கேள்வி. சிலபஸ் மாறவே மாறாது. ஒரே ஒரு பாடத்தை மனப்பாடம் பண்ணிய பையன் நூற்றுக்கு நூறு வாங்குகிறான், அந்த விடைத்தாளை நாம் ஸ்டேட்டஸில் வைத்து, ‘நான் எடுத்தது’ என்று கீழே எழுதுகிறோம். எழுதியவன் போன், மார்க் நமக்கு. உண்மையில் நம் பங்கு, ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

வானியலாளர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1995-இல் ஹப்பிள் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்தது மனிதர்கள்தான். ஆனால் எந்த வெளிச்சத்துக்கு எந்த நிறம் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள்; வெளிச்சமும் அங்கிருந்து வந்ததுதான். நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரைச்சலைக் குறைக்கிற அமெச்சூர்கள்மீதும் எனக்கு வழக்கு இல்லை. போன்களிலும் ஒழுங்கானவை உண்டு. 2019-இல் வந்த பிக்சல் 4 நட்சத்திரங்களை 16 விநாடிப் படங்களாகப் பதினைந்து வரை எடுத்து அடுக்கியது. நாலு நிமிடம் ஸ்டாண்டில் அசையாமல் இருந்து வாங்கிய வெளிச்சம். பூமி சுழல்வதால் அதற்கு மேல் ஒரே படமாக நீட்டினால் நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான் அந்தத் துண்டு துண்டான கணக்கு. உழைத்துச் சம்பாதித்த காசு. நான் மல்லுக்கு நிற்பது கடன் வாங்கின வெளிச்சத்தோடு மட்டும்தான்.

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: ஜனங்கள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, நிலா எங்கே மாறப்போகிறது? மாறுகிறது, ஐயா. 2019 ஜனவரி 21-ஆம் தேதி முழு சந்திர கிரகணத்தின்போது ஒரு விண்கல் நிலாவில் மோதியது. கால் விநாடிக்கு ஒரு சின்ன மின்னல், இருண்ட சிவப்பு வட்டின் ஓரத்தில். ஸ்பெயினில் இதற்கென்றே காத்திருந்த தொலைநோக்கிகளில் பதிவானது. கிரகணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த பொழுதுபோக்குக்காரர்கள் பலரின் கேமராவிலும் விழுந்தது. அவர்களுடைய கேமராக்கள் எதையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை, வந்ததை வாங்கிக்கொண்டன. மனப்பாடக் கேமராவாக இருந்தால் பத்துப் படத்தில் ஒன்றில் மட்டும் தெரிகிற பொட்டை இரைச்சல் என்று துடைத்துப் போட்டிருக்கும் என்பது என் சந்தேகம். பாடத்தில் இல்லாத கேள்வி.

இதில் பெரிய வேடிக்கை, பௌர்ணமிதான் நிலாவைப் படம் எடுக்க மிக மட்டமான நாள். வெயில் நேராக முகத்தில் அடிப்பதால் பள்ளத்துக்கு நிழலே விழாது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஃபிளாஷ் அடித்த கதை. அரை நிலா அன்று வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டருகே பாருங்கள், ஒவ்வொரு மேடும் நீள நீளமாக நிழல் போட்டிருக்கும். திரையில் நிலாமேல் விரல் வைத்து, பக்கத்தில் முளைக்கிற குட்டிச் சூரியனைக் கீழே இழுத்தால் போதும், வெள்ளை பல்பு அடங்கி, பழைய தார்ரோடு மாதிரி நிலாவின் நிஜ நிறம் வரும். அரை நிலாவுக்கு யாரும் செய்தி போடுவதில்லை. பால்வெளிக்கு அரை நிலாகூட ஆகாது, நிலாவே இல்லாத இரவும் இருட்டான ஊரும் வேண்டும். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஜவ்வாது மலைக் காவலூரில் கொண்டுபோய் வைத்ததும் அந்த இருட்டை நம்பித்தான். ஆக, அமாவாசை அன்று கிளம்ப வேண்டும். ஆனால் அமாவாசைக்கு நம் ஊரில் யார் வானத்தைப் பார்க்கிறார்கள்? கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்துப் போட்டிருப்பதால் எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறோம்.