பாய்லர் ரூம் மாமா

புனே கேம்ப்பில், ஈஸ்ட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மாடிவீட்டில் குடியிருந்தார் நேவி மாமா. நாகப்பட்டினத்துக்காரர். லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் தொழில் பயின்று, கப்பலின் பாய்லர் ரூமிலேயே காலத்தைக் கழித்தவர். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ராணுவத்தாருக்குப் பஞ்சமில்லை. வாசலுக்கு வாசல் கர்னல், பிரிகேடியர் என்று பெயர்ப்பலகை மின்னும். மாமா வீட்டு வாசலில் பலகையே கிடையாது.

1971 போரில், டிசம்பர் 4 அன்று விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை அது. அதே கப்பலில் இருந்தும், அந்த விமானங்களில் ஒன்றுகூடக் கிளம்புவதை மாமா பார்த்ததில்லை. அவர் நின்றது பல தளங்களுக்குக் கீழே, அனலில். கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க வழியில்லை. வேகம் குறைந்தால் ஓடுதளத்தின் மேல் வீசும் எதிர்க்காற்று குறையும், விமானம் எழும்பத் திணறும். அதை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டுக்கும் அதே நீராவிதான் வேண்டும். "பிரஷர் இறங்காம பாத்துக்கிட்டோம்டா. எங்க சண்டை அவ்வளவுதான்" என்பார். கப்பலின் கேப்டன் சுவராஜ் பர்காஷுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. முழுத் தகுதியோடு கிடைத்தது. கீழே வியர்த்தவர்களின் பெயர்களையும் யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

1997 ஜனவரி 31-இல் விக்ராந்த் ஓய்வு பெற்றது. மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக நின்றது. பிறகு அங்கேயே தாருகானாவில் கப்பலை உடைத்தார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் எங்கள் ஊர் பஜாஜ் நிறுவனத்துக்கு வந்து, 2016-இல் வி15 பைக்கின் பெட்ரோல் டேங்க் ஆனது. தெருப்பையன் ஒருவன் அதை வாங்கிவந்து மாமாவிடம் காட்டினான். டேங்க்கை நெடுநேரம் தடவிப் பார்த்தார். "இது கப்பல்ல எந்த இடத்துத் தகடு?" என்று மட்டும் கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

2019-இல் மாமா காலமானார். 2022 செப்டம்பர் 2-இல் கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. நம் நாட்டிலேயே கட்டிய கப்பல் என்று அவர் பெருமையில் பூரித்திருப்பார். ஆனால் அதில் பாய்லர் கிடையாது, நான்கு கேஸ் டர்பைன்கள். கேட்டபுல்ட்டும் கிடையாது, முனையில் மேல்நோக்கி வளைந்த தளத்தில் ஓடி விமானங்கள் தாமே எழும்புகின்றன. நீராவியை ஓசையை வைத்தே எடைபோட்ட அந்தத் தேர்ச்சிக்கு அங்கே வேலையில்லை.

அன்று இருபது வயதில் பாய்லர் முன்னால் நின்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல யாராவது பதிவு செய்ய வேண்டும், இந்த ஆண்டே.