செத்தவனுக்கு இலவசம், சீமானுக்கு ஏழரை லட்சம்

ஐரோப்பியக் குடியுரிமை சட்டென்று கிடைக்க இரண்டு வழிகள் உண்டு. கோடீஸ்வரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் செத்துப்போக வேண்டும். கையில் காசும் இல்லை, உடம்பை விட்டு உயிரும் போகவில்லை என்பவர்கள் தயவுசெய்து வரிசையில் நிற்கவும்.

இரண்டு வழியும் 2013ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மத்தியதரைக் கடலின் ஒரே மூலையில் திறந்தன. அக்டோபர் 3 அன்று லம்பெதூசா தீவுக்கு அருகே படகு மூழ்கி 368 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்திரியர்கள். மறுநாளே இத்தாலியப் பிரதமர் என்ரிகோ லெத்தா, இறந்தவர்கள் எல்லோரும் இன்று முதல் இத்தாலியக் குடிமக்கள் என்று அறிவித்தார். எவ்வளவு தாராளம்! மொழித் தேர்வு கேட்கவில்லை, பத்து வருடம் குடியிருந்த சான்றிதழ் கேட்கவில்லை, சம்பளச் சீட்டு கேட்கவில்லை. உயிர் தப்பிய 155 பேர் என்ன ஆனார்கள்? அவர்களில் வயதுவந்தவர்கள்மீது சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததாக விசாரணை தொடங்கியது. அபராதம் 5,000 யூரோ வரை. மூழ்கத் தெரியாத குற்றம்.

அரசு மரியாதையோடு அடக்கம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். அக்டோபர் 21 அன்று சிசிலித் தீவின் அக்ரிஜெந்தோ பக்கத்தில் ஓர் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அங்கே சவப்பெட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் முன்னமே சிசிலியின் பல ஊர் இடுகாடுகளில் புதைத்துவிட்டார்கள். பல குழிகளின் மேல் பெயர் இல்லை, எண்தான். உயிர் தப்பியவர்களைக் கூட்டிவரவில்லை. ஆனால் எரித்திரிய அரசின் தூதர் வந்திருந்தார். எந்த ஆட்சிக்கு அஞ்சி அந்த மக்கள் படகேறினார்களோ, அந்த ஆட்சியின் ஆளைத் துக்கம் விசாரிக்க உட்காரவைத்தது இத்தாலி. புதுக் குடிமக்களுக்கு அது செய்த முதல் மரியாதை.

இடையில் அக்டோபர் 11 அன்று இன்னொரு படகு, சிரியக் குடும்பங்களோடு. படகிலிருந்த மருத்துவர் ஒருவர் செயற்கைக்கோள் தொலைபேசியில் ரோமைக் கூப்பிட்டார். மால்டாவைக் கூப்பிடு என்றார்கள். மால்டாவைக் கூப்பிட்டார். உனக்கு லம்பெதூசாதான் பக்கம், இத்தாலியைக் கூப்பிடு என்றார்கள். இத்தாலியக் கடற்படைக் கப்பல் ஒன்று அதிக தூரத்தில் இல்லை. மணிக்கணக்கில் பந்தாடினார்கள், படகு கவிழ்ந்தது. 260 பேருக்கு மேல் போனார்கள், அதில் ஏறத்தாழ அறுபது பேர் குழந்தைகள். இவர்களுக்குச் செத்தபிறகும் குடியுரிமை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரத்துக்குள் இரக்கத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டது போலும்.

அடுத்த மாதமே, நவம்பர் 12 அன்று, அந்தத் தொலைபேசியில் கையை விரித்த அதே மால்டாவின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 6,50,000 யூரோ கட்டினால் குடியுரிமை. தீவில் ஒரு நாள்கூடத் தங்க வேண்டாம். வாங்கியவர் பெயரும் ரகசியம். கூச்சல் எழுந்ததும் வீடு வாங்கு, அரசுப் பத்திரம் வாங்கு என்று சேர்த்து 11,50,000 ஆக்கினார்கள். ஐரோப்பிய ஆணையம் முறைத்ததும், ஒரு வருட வசிப்பும் வேண்டும் என்றார்கள். அந்த வசிப்பின் லட்சணம் 2021இல் கசிந்த ஆவணங்களில் தெரிந்தது. ஆளில்லாத வாடகை வீடுகள். மூன்று வாரத்துக்கும் குறைவான தங்கல். அதற்குச் சற்று முன்பே விலைப்பட்டியலைத் திருத்தியிருந்தார்கள்: மூன்று வருடம் காத்திருப்பவருக்கு ஆறு லட்சம், ஒரே வருடத்தில் வேண்டும் என்பவருக்கு ஏழரை லட்சம். கூடவே தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு 10,000 யூரோ நன்கொடை. விலங்கு நலச் சங்கம் என்றாலும் சரி. கரையில் இருக்கும் பூனைக்குக் கிடைத்தது.

இது மால்டாவின் வீட்டு விவகாரம் என்று விட முடியாது. 1993 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு ஒன்றின் குடிமகன் எவரோ அவரே ஒன்றியத்தின் குடிமகன். மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் பணம் கட்டியவர் பாரிஸில் குடியேறலாம், பெர்லினில் கடை திறக்கலாம். மற்ற ஊழல்களோடு இந்த வியாபாரத்தையும் தோண்டி எழுதிய பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா மால்டாவில் பிறந்து வளர்ந்த குடிமகள். 2017 அக்டோபர் 16 அன்று காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள்.

சரி, உயிரோடு இருக்கிற ஏழைக்கு வருவோம். டென்மார்க்கில் ஒன்பது வருட வசிப்பு, மொழித் தேர்வு, பிறகு 45 கேள்விகள். 36 சரியாக இருக்க வேண்டும். டேனிஷ் விழுமியங்கள் பற்றிய ஐந்தில் நான்கு தேற வேண்டும். அப்புறம் ஒவ்வொருவர் பெயரையும் மசோதாவில் ஏற்றி நாடாளுமன்றம் சட்டம் போடும். அந்நாட்டின் யூத்லாந்துப் பகுதியில் பிறந்து, அங்கேயே படித்து, டேனிஷில் சண்டை போடும் ஈழத்து அகதியின் மகளும், அப்பா அம்மா டேனிஷ் குடிமக்கள் இல்லையென்றால் விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். அந்த மண்ணில் பிறந்தது கணக்கில் சேராது. 2019 ஜனவரி முதல் கடைசிப் படியாகக் கைகுலுக்கல் வேறு. கையுறை கூடாது, உள்ளங்கையில் உள்ளங்கை பட வேண்டும். எதிர்பாலினத்தவருக்குக் கைகொடுக்கத் தயங்கும் முஸ்லிம்களுக்காகவே வைத்த பொறி அது என்பது எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. யாரும் யாருக்கும் கைகொடுக்காதீர்கள் என்றது அரசு. கைகொடுக்காமல் குடியுரிமை இல்லை என்றது சட்டம். சடங்கே நின்றுபோனது, எல்லாத் தேர்வும் தேறியவர்கள் ஒரு கைகுலுக்கலுக்காக வீட்டில் காத்திருந்தார்கள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர், அதற்கு முன் 2017இல், குடியேற்ற விதிகளை ஐம்பதாவது முறை இறுக்கியதைக் கேக் வைத்துக் கொண்டாடிப் படம் போட்டவர். நான் இட்டுக்கட்டவில்லை, கேக்கின் மேல் 50 என்றே எழுதியிருந்தது. அகதித் தம்பதிகளைச் சட்டத்தை மீறிப் பிரித்து வைத்ததற்காக 2021 டிசம்பரில் அவருக்கு 60 நாள் தண்டனை. அவையில் உட்காரத் தகுதியற்றவர் என்று நாடாளுமன்றமே வெளியேற்றியது. மறு வருடம் சொந்தக் கட்சி தொடங்கித் திரும்பி வந்துவிட்டார். விழுமியக் கேள்விகள் வந்தேறிகளுக்கு மட்டும்தானே.

இத்தாலியில் ரத்தம்தான் கணக்கு. 2025 மார்ச் வரை, கடல் கடந்து போன கொள்ளுத்தாத்தா ஒருவர் கிடைத்தால் போதும். இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரிய வேண்டாம். 2024 டிசம்பரில் அர்ஜென்டினா அதிபர் மிலேய் ரோமுக்கு வந்தபோது கையோடு குடியுரிமை வாங்கினார். பாலெர்மோவில் 1990இல் பிறந்த கால்பந்து வீரர் மாரியோ பலோட்டெல்லிக்குப் பதினெட்டு வயது முடியும்வரை கிடைக்கவில்லை. அவருடைய பெற்றோர் கானாக்காரர்கள். நாலு வருடம் கழித்து அவர் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டபோது நாடே அவரைத் தன் பிள்ளை என்றது. வசிப்புக் காலத்தைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கலாமா என்று 2025 ஜூனில் மக்களையே கேட்டார்கள். பிரதமர் மெலோனி வாக்குச்சாவடிக்கு வந்தார், வாக்குச்சீட்டை வாங்காமல் திரும்பினார். பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டிய இடத்தில் முப்பது சதவீதத்தோடு வாக்கெடுப்பு செல்லாமல் போனது.

இத்தனைக்கும் நடுவே, 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் விழித்துக்கொண்டது. குடியுரிமை என்பது அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான ஒற்றுமையும் நம்பிக்கையும் சார்ந்த உறவு, அதைச் சரக்குபோல விற்கக் கூடாது என்று மால்டாவின் திட்டத்தை முறியடித்தது. நல்ல தீர்ப்பு. விலைப்பட்டியல் வெளியாகிப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. மால்டா கலங்கவில்லை. ஏற்கெனவே கொடுத்த குடியுரிமைகளுக்கு ஒரு பங்கமும் வராது என்று வாங்கியவர்களுக்கு உடனே ஆறுதல் சொன்னது. ஜூலையில் சட்டத்தைத் திருத்தி, இனிமேல் விற்பனை இல்லை, 'தகுதி' பார்த்துத்தான் கொடுப்போம் என்றது. அந்தத் தகுதிப் பட்டியலில் விஞ்ஞானிகளோடும் கலைஞர்களோடும் தொழிலதிபர்களும் கொடை வள்ளல்களும் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியில் கூப்பிட்ட மருத்துவர் எந்தத் தகுதியின் கீழ் வருவார் என்று யாராவது மால்டா அரசைக் கேட்டுச் சொல்லுங்கள்.