கொத்தமல்லிக்கு எட்டுக் குதிரை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு ஒரு கார் வந்தது. வந்தது என்பதைவிட அடைத்தது என்பதே சரி. வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு அகலத்துக்கு அந்தச் சைஸ் வண்டி நுழைந்தால், பூனைகூட ரிவர்ஸில்தான் போக வேண்டும். உள்ளேயிருந்து இரண்டு பிள்ளைகள் இறங்கி வீடு வீடாக வழவழப்பான நோட்டீஸ் கொடுத்தார்கள். ‘பசுமைப் பயணத்துக்குச் சில எளிய வழிகள்.’ கொடுத்து முடிக்கும்வரை கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் ஏசியும் நின்றுவிடும் அல்லவா? சைலன்சர் என் வாசற்படிக்கு நேரே. முதல் வழியைப் படிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

விமானப் பயணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்திருந்தது. சரி, குறைத்துக்கொண்டேன். எங்கள் தெருவே பிறந்ததிலிருந்து குறைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

காரில் தனியாகப் போகாமல் பகிர்ந்து போங்கள் என்றது அடுத்த வரி. எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இந்தப் புறம் ஒருவர், அந்தப் புறம் ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் அவர்கள் அனுமதியோடு ஹாண்டிலைத் திருப்புவார். இதற்கு மேல் பகிர வேண்டுமென்றால் கூரை மேல்தான்.

வாகனத்தைச் சட்டென்று மாற்றாதீர்கள், முடிந்தவரை பழையதையே பயன்படுத்துங்கள் என்றும் இருந்தது. எழுதியவர் ஒரு மீன்பாடி வண்டியையும் பார்த்ததில்லை போலிருக்கிறது. என்றோ செத்துப்போன ஸ்கூட்டரின் எஞ்சினைப் பிடுங்கி மூன்று சக்கரத்தில் பூட்டி, அதில் ஐஸ் பெட்டி, கம்பி, கட்டில், பீரோ என்று கண்டதையும் ஏற்றி ஓட்டுகிற ஊர் இது. காது போகும், அது வேறு விஷயம்.

ரயிலில் போகவும் சொல்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி, இதோ பக்கத்து ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. மெட்ரோவும் 2019-ல் வண்ணாரப்பேட்டைக்கு வந்து, 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. மின்சாரத்தில் போங்கள் என்கிற அறிவுரை மட்டும் என்ன புதுசு? இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான், 1895-ல். அதை 1953-ல் ஊத்தி மூடினார்கள். இப்போது 2025-ல் வியாசர்பாடி டெப்போவிலிருந்து மின்சார பஸ் விட்டு ரிப்பனும் வெட்டியாகிவிட்டது. பஸ் நல்ல பஸ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ‘புகையே இல்லை’ என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குச் சுர்ரென்கிறது. புகை இருக்கிறது சாமி. வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் வந்து அண்ணாந்து பாருங்கள். நிலக்கரியை எரித்து மின்சாரத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, சாம்பலை மட்டும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் வைத்துக்கொள்கிற பெருந்தன்மை எங்கள் பக்கத்துக்கு.

என் மனைவி நோட்டீஸை வாங்கி வெங்காயத் தோலைக் கொட்டினாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. ஸ்டாப் வரைக்கும் நடை, அப்புறம் பஸ், இறங்கி மறுபடியும் நடை. எங்கள் வீட்டின் பசுமை மொத்தமும் அவள்தான்.

சங்கடம் நோட்டீஸின் கடைசி வரியில் இருந்தது. ‘பக்கத்துக் கடைக்கு நடந்தே செல்லுங்கள்.’

கொத்தமல்லி விற்கிற அக்கா எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரிவார். கூப்பிட்டால் “இன்னா வோணும்?” என்று பதிலும் வரும். அந்தத் தூரத்துக்குத்தான் வண்டி எடுக்கிறோம். எடுக்கிறோம் என்று ஒரே வார்த்தையில் முடிகிற காரியமா அது? எங்கள் வீட்டில் வண்டிகள் நிற்பது நடையில். ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். நாலு குடித்தனத்து வண்டிகளும் வரிசையாக நிற்கும். என்னுடையது கடைசியில், தண்ணீர்க் குடங்களை ஒட்டி. முதலில் மாடி வீட்டுத் தம்பியை எழுப்ப வேண்டும். நைட் டூட்டி முடிந்து அப்போதுதான் படுத்திருப்பான். தூக்கக் கலக்கத்தில் மேலேயிருந்து சாவியை எறிவான், அது சரியாகக் குடத்துக்குள் விழும். குடத்தைக் கவிழ்த்துச் சாவியை எடுத்தால், வாசற்படிக்குச் சாய்வாக வைக்கிற பலகையைக் காணோம். மழைக்கு யாரோ சாக்கடை மேல் போட்டிருப்பார்கள். அதைத் தூக்கிவந்து, கழுவி, வைத்து, தம்பியின் வண்டியை வெளியே தள்ளினால் இரண்டாவது வண்டி சைடு லாக். சாவி வைத்திருப்பவர் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பார். பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து அதை நகர்த்த வேண்டும். இடுப்பில் ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிட வேண்டும். மூன்றாவது வண்டியின் மேல் ஸ்கூல் யூனிபாரம் காயும். அதை எடுத்து மடித்து அந்த வீட்டில் கொடுத்தால், “ஈரமா இருக்கே மாமா” என்று திருப்பிக் கொடுப்பார்கள்.

வண்டி தெருவுக்கு வருவதற்கும் தண்ணி லாரி வந்து குறுக்கே நிற்பதற்கும் சரியாக இருக்கும். அது போகிறவரை பிரசார ஜீப்பில் நிற்கிற வேட்பாளர் மாதிரி வருவோர் போவோருக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பிறகு உதை. எடுக்காது. சோக் போட்டு ஒரு உதை. ரிசர்வுக்குத் திருப்பி ஒரு உதை. ஒருவழியாக நூற்றுச் சொச்சம் கிலோ இரும்பு, எட்டுக் குதிரைசக்தி, மேலே நான், எல்லாம் கிளம்பி, கியர் மாற்றுவதற்குள் பிரேக் போட்டு நிற்போம். “ஒரு கட்டு குடுக்கா.” சீட்டை விட்டு இறங்காமலே வாங்கலாம். இந்தச் சுகத்துக்குத்தான் இத்தனை பாடும். கொத்தமல்லி ஹாண்டிலில் தொங்கும். திருப்ப இடம் இருக்காது. அதனால் தெருவைச் சுற்றி எம்.சி. ரோட்டில் ஏற வேண்டும். முகூர்த்த நாளில் எம்.சி. ரோட்டில் ஏறியவன் எப்போது இறங்குவான் என்று சொல்ல முடியாது. குடும்பம் குடும்பமாகப் புடவைப் பைகளோடு நடுரோட்டில் நின்று, வாங்கின புடவையின் கலரைப் பற்றிச் சண்டை போடுவார்கள். வீடு திரும்பும்போது ரசம் ஆறிவிடும், நடையில் என் இடத்தில் வேறு எவனோ வண்டியை விட்டிருப்பான்.

பேசாமல் நடந்து போனால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? போனேன். அந்த நோட்டீஸ் மேல் இருந்த எரிச்சலில் திங்கட்கிழமை நடந்தே போனேன். நடைபாதை என்று இருந்ததில் பாதி வண்டிகள், மீதியில் பக்கெட் கடை. ரோட்டில் இறங்கினேன். பால் பூத்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்: “இன்னா சார், நடந்து போறீங்க? வண்டி இன்னாச்சு?” ஒன்றும் ஆகவில்லை என்றேன், நம்பவில்லை. டைலர், “சர்வீஸுக்கு வுட்டுக்கிறீங்களா?” என்றார். அயர்ன்காரர் குரலைத் தாழ்த்தி, “சுகரா சார்?” என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு பையன் வண்டியை உரசிக்கொண்டு நிறுத்தி, “ஏறுங்க அங்கிள், டிராப் பண்றேன்” என்றான். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்கிற ஜனம் இது. ஏறினேன். நான் ஏறுவதற்கும் கடை வருவதற்கும் சரியாக இருந்தது. திரும்பக் கொண்டுபோய் விடுவதற்காக எஞ்சினை நிறுத்தாமலே காத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஒரு ஆள். யாரென்று தெரியாது. நடைக்குள் எட்டிப் பார்த்து, டயரை அமுக்கிப் பார்த்து, “வண்டி குடுக்கிறீங்கன்னு சொன்னாங்கோ. இன்னா ரேட்டு?” என்றார். சும்மா ஒரு விலை சொல்லி வைத்தேன். “ரொம்ப ஜாஸ்தி சார், ஓடின வண்டி” என்கிறார்.