பூட்டுத் தொரை அவர்கள் சமுகத்துக்கு

பெறுநர்: வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு (உத்தரவாத அட்டையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறீர்கள்)

மகா கனம் பொருந்திய தொரை அவர்களுக்கு,

எங்கள் வாசற்கதவில் தாங்கள் எழுந்தருளச் செய்த ஸ்மார்ட் பூட்டுத் தொரை நலமாக இருக்கிறார். கண்ணாடி முகத்துக்கும் நீல விளக்குக்கும் குறைவில்லை. தினமும் அம்மா ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை வாசலுக்குச் சாம்பிராணி காட்டும்போது தொரைக்கும் ஒரு சுற்று உண்டு. போன வெள்ளிக்கிழமை மட்டும் அந்த மரியாதை தவறிவிட்டது. மன்னிக்க வேண்டும். சாம்பிராணி தட்டு உள்ளே இருந்தது. அம்மா வெளியே இருந்தார்.

அடுப்பில் சாம்பார் கொதிக்க, கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடிக்க வாசலுக்கு வந்தவர் அவர். கைலி, தோளில் துண்டு, காலில் சிலிப்பர். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தொரை கடமை தவறாதவர், அந்தக் கணமே தாழிட்டுக்கொண்டார். அம்மா விரல் வைத்தார். ‘மீண்டும் முயலவும்’ என்று தொரை இங்கிலீஷில் திருவாய் மலர்ந்தார். இன்னொரு விரல். மீண்டும் முயலவும். ஆறு இலக்க எண் அம்மாவுக்கு மனப்பாடம், அதை அழுத்தியிருக்கலாமே என்பீர்கள். விரல்கள் தோற்ற குற்றத்துக்குத் தண்டனையாக எண் பலகையையும் இருட்டாக்கிவிட்டார் தொரை.

அத்தோடு விட்டாரா? கேமராக் கண்ணைத் திறந்து அம்மாவைப் படம் பிடித்து, செனாவாங்கில் வேலையில் இருந்த எனக்கு அனுப்பினார்: ‘சந்தேகத்துக்குரிய நபர் உங்கள் வாசலில் நடமாடுகிறார்.’ நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ‘பாதுகாப்புத் தொகுப்பு’ப்படி அதே படம் தாமான் காவல் சாவடிக்கும் போயிற்று. வழக்கமான ஜாகாவுக்கு அன்று விடுப்பு. அவர் என்றால் அம்மா கையால் தினமும் தேத்தண்ணி குடிக்கிறவர். வந்தவர் புதுசு, மோட்டார் சைக்கிளில், கையில் தடியோடு. ஐசி, அதாவது அடையாள அட்டை, எங்கே என்று மலாயில் கேட்டார். ‘டாலாம்’ என்று அம்மா கதவைக் காட்டினார். உள்ளே இருக்கிறது என்று எல்லாத் திருடனும்தான் சொல்வான் என்பது போல ஜாகா பார்த்தாராம். அடுத்த வீட்டு மக்சிக் ஓடிவந்து, இது இவங்க வீடு என்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

செனாவாங்கில் இருந்தே நான் கதவைத் திறந்திருக்க முடியாதா? முடியும் என்றுதான் விளம்பரத்தில் சொன்னீர்கள். ஆனால் தொரையை நேரே பார்க்க முடியுமா? பூட்டு பெரிய தொரை என்றால் செயலிதான் ஆபீஸ் கிராணி, வைஃபை மண்டோர். மண்டோர் சொன்னால்தான் கிராணி எழுதுவார், கிராணி எழுதினால்தான் தொரை கையெழுத்துப் போடுவார். கிராணி அன்று புதுப்பிப்பு கேட்டார். புதுப்பித்ததும் என்னை யாரென்றே தெரியாது என்று வெளியே தள்ளினார். ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணை அனுப்பினார், அதுவும் நான் பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலுக்கு. நான் கிராணியிடம் மன்றாடிக்கொண்டிருந்தபோது தொரையின் தண்டனைக் காலம் முடிந்து பலகை ஒளிர்ந்தது. அம்மா எண்ணை அழுத்தி உள்ளே போனார். சாம்பார் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. புகை கண்டால் எச்சரிக்கும் சாதனம் தனி விலை என்று தங்கள் கையேட்டில் படித்தேன்.

தங்கள் வாட்ஸ்அப் சேவை மையத்திலும் முறையிட்டேன். ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று அழைத்த பிறகு வந்த அறிவுரை: ‘பயனரின் விரலில் அழுக்கோ ஈரமோ இருக்கலாம். சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும்.’

அந்தக் கையில் அழுக்கில்லை, ஐயா. தேய்ந்திருக்கிறது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய கை அது. பால் உறைய ஃபார்மிக் ஆசிட் கலந்த கை. கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு முதுகில் பம்பு சுமந்து பாராகுவாட் அடித்த கை. அந்த மருந்தை மலேசிய அரசு 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அம்மாவின் ரேகைகள் அதற்கு வெகு காலம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. வாழ்நாள் முழுக்க உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து ‘கழுவிக்கொண்டு வா’ என்று சொல்ல ஒரு இயந்திரத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். தொரை முன்னால் சத்தம் போடக்கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கியிருக்கிறார்கள்.

இதே விரலைப் பழைய தொரைமார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பணிவோடு சுட்டுகிறேன். சம்பள நாளில் கிராணி மையைத் தடவி உருட்டினால் நோட்டில் பதிந்த விரல் இது. பதிந்தது ரேகையா கறையா என்று யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. 2001-இல் மைகாட் என்ற புது ஐசி வந்த பிறகு, அதன் சில்லில் கட்டைவிரல் ரேகையை ஏற்றச் சொன்னபோது அம்மா பயந்துகொண்டேதான் போனார். முகப்பில் இருந்த பெண் ஊழியர் அந்த விரலைத் துடைத்து, தன் விரலால் அழுத்திப் பிடித்துப் பதிய வைத்து அனுப்பினார். இந்தியாவில் ஆதார் கருவியில் விரல் பதியாமல் ரேஷன் அரிசி இல்லாமல் திரும்பிய கூலிக்காரர்களின் கதை தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். அதை மனத்தில் வைத்துத்தான் தொரையைக் கடைந்தெடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தொரை வம்சத்தின் உலகப் புகழும் அடியேனுக்குத் தெரியும். 2016-இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப் கான் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் 16 புளூடூத் பூட்டுகளைச் சோதித்து, 12-ஐக் கணினியால் திறந்து காட்டினார்கள். சில தொரைமார் கடவுச்சொல்லைக் காற்றில் அப்படியே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். திருடனுக்கு இவ்வளவு தாராளம். வீட்டுக்காரிக்கு மீண்டும் முயலவும். 2017-இல் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு மாடலுக்கு எழுதிய மென்பொருளை இன்னொரு மாடலுக்கு அனுப்பிவிட, சுமார் 500 கதவுகளில் தொரைமார் ஒரே நேரத்தில் மூர்ச்சையானார்கள். பாதிப் பூட்டைக் கழற்றித் தபாலில் அனுப்புங்கள் என்றது நிறுவனம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு பழைய கட்டடத்தின் பொது வாசலில் இப்படியொரு தொரையை வைத்தார்கள். குடியிருந்தவர்கள், வயதானவர்களும் உட்பட, வழக்குப் போட்டார்கள். 2019-இல் சமரசமாகி, கேட்டவர்களுக்குச் சாதாரண இரும்புச் சாவி தருவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். மன்ஹாட்டன்காரர்களே இரும்புச் சாவிக்காக நீதிமன்றம் போனார்கள் என்று சொன்னபோது அம்மா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதற்குத்தான்.

எங்கள் தாமானில் எல்லா வீட்டுக்கும் வெளியே இரும்புக் கிரில் உண்டு, அதில் பழைய பூட்டு தொங்கும். தங்கள் விற்பனையாளரே வந்து பார்த்துவிட்டு, கிரில்லை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்றார். திருடனைத் தடுப்பது அந்தப் பழைய பூட்டுதான் என்றால் தொரையின் வேலை என்ன என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவர் டை கட்டியிருந்தார்.

விலையைப் பற்றிக் குறை சொல்லவில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். தொரையின் விலை அதையும் தாண்டும். தோட்டத்தில் ஒருவர் மாதம் முழுக்கக் குலை வெட்டிச் சேர்த்தாலும் தொரையின் காலைத் தொட முடியாது என்பது அவருடைய கௌரவத்துக்குப் பொருத்தமே. ஆனால் பழுது பார்க்க ஆள் கேட்டால், சிரம்பான் ‘அவுட்ஸ்டேஷன்’ என்று பூச்சோங்கிலிருந்து வருவதற்குத் தனிக் கட்டணம், டோல் தனி என்கிறீர்களே. விற்கும்போது சிரம்பான் பக்கத்தில்தானே இருந்தது?

ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதி வேண்டும். தோட்டத்து லயத்தில் வீடு கம்பெனியுடையது, சாவி எங்களுடையது. பகலில் பூட்டக்கூட மாட்டோம். பூட்டினால் சாவி நிலைமேல் இருக்கும், அது லயத்துக்கே தெரியும். இப்போது வீடு எங்களுடையது. அதாவது வங்கிக்கும் எனக்கும் பொது; கடன் தவணை 35 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று பேங்க் நெகாரா 2013-இல் சொன்னதால் 35 ஆண்டோடு நிற்கிறது. சாவி மட்டும் கம்பெனியுடையது. அது எந்த நாட்டுக் கணினியில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. நாளைக்குத் தாங்கள் கடையை மூடினால் கிராணி போவார். கிராணி போனால் தொரை வெறும் கண்ணாடி.

தோட்டம் கைமாறியபோதும் கடிதம் ஒன்று வந்தது. வீட்டைக் காலி செய் என்றது. போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருந்தவர்களை அத்துமீறிக் குடியிருப்போர் என்றது. தோட்டத் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட வீடு தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அக்கறையாகச் சொல்கிறது. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனதும் பிறந்து வளர்ந்த வாசலில் நின்றவளே அந்நியள் ஆனாள். அது ஒரு தடவை போதும். சொந்த வீட்டு வாசலில், கறிவேப்பிலைக் கொத்தோடு நிற்கும் என் அம்மாவைச் சந்தேகத்துக்குரிய நபர் என்று இன்னொரு தடவை எவனும் சொல்லக்கூடாது. பேட்டரியில் ஓடுகிறவனும் சொல்லக்கூடாது.

மீண்டும் மன்னிக்கவும். தொரைக்கு நான்கு பேட்டரியும் புதிதாகவே போட்டிருக்கிறேன். 1996 ஆகஸ்ட் 3 மாலை பாக்கா மின்நிலையத்தில் தொடங்கிய தடங்கலில் தீபகற்பம் முழுக்க இருண்டதே, அதுபோல் இன்னொரு இரவு வந்தாலும் தொரை விழித்திருப்பார் என்று கையேடு பெருமைப்படுகிறது. மண்டோருக்குத்தான் மின்சாரம் வேண்டும். ஆகவே அந்த இரவில் தொரை விழித்திருப்பார், கிராணியும் மண்டோரும் தூங்குவார்கள், நாங்கள் வாசலில் நிற்போம். அன்றும் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொள்வார், பழக்கம்தானே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுப் போட்டிருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம். நான் கேட்டிருப்பது பூட்டின் விலையும் ஒரு சாம்பார்ச் சட்டியும். வழக்கறிஞரை வைத்து வாதாட அங்கே இடமில்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறுவனத்தின் சார்பில் முழுநேர ஊழியர் ஒருவர் நேரில் வர வேண்டும். சேவை மையத்தின் ரோபோவை அனுப்பினால் ஏற்பார்களா தெரியவில்லை, முயன்று பாருங்கள். முடியவில்லையென்றால் மீண்டும் முயலலாம்.

அம்மாவும் வருவார். ஐசியைக் கைப்பையில் வைத்தாயிற்று. தாங்கள் வாசலில் தயங்க வேண்டியதில்லை. அரசாங்க ஆபீஸ் கதவு, தள்ளினால் திறக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி ‘முதன்மைப் பயனர்’