விழிப்புணர்வுக்குப் பேரீச்சம்பழம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்கழிவு விழிப்புணர்வு விழா நடந்தது. வாசலில் பதினைந்தடி ஃபிளெக்ஸ். மேடையில் எல்இடி திரை. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, மரக்கன்று, ஜிகினாத் தாள் சுற்றிய நினைவுப் பரிசு. பிரித்துப் பார்த்தால் பேட்டரியில் எரியும் புத்தர். பிள்ளைகள் கோலப் போட்டியில் பூமித்தாயை அழ வைத்தார்கள். "பழைய செல்போனைக் குப்பையில் போட மாட்டோம்" என்று கை நீட்டி உறுதிமொழி எடுத்து, புதிய செல்போனில் செல்ஃபி எடுத்துக் கலைந்தோம். வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டி மட்டும் மிஞ்சியது.

மூன்று வாரத்தில் பெட்டி நிறைந்தது. எடுத்துப்போக வேண்டிய விழாக்காரர்களுக்குப் போன் செய்தால், "இருநூறு கிலோ சேரட்டும் சார், அப்பத்தான் வண்டி வரும்" என்றார்கள். இருநூறு கிலோ சேர வேண்டுமானால் மொத்தக் குடியிருப்பும் ஒரே நாளில் துறவறம் பூண வேண்டும். ஒரு நாள் காலையில் பெட்டி காலி. வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். "காயலான் கடைக்காரர் வந்தார் சார். எடை போட்டு எடுத்துக்கிட்டார். காசைச் சங்கத்துல கட்டிட்டேன்."

விழா எடுத்தவர்கள் வரவில்லை. விழாவுக்கு அழைக்காத ஆள் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போனார். சென்னையின் மின்கழிவு நிர்வாகம் இவ்வளவுதான்.

"பழைய இரும்பு, அலுமினியம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு மறுசுழற்சி பற்றி யாரய்யா பாடம் எடுப்பது? ஓட்டைக் குடத்தைக்கூடச் சும்மா எறியாத பரம்பரை இது. ஆனால் ஓட்டைக் குடத்தை உருக்கியவருக்கு அந்தக் குடம் இவ்வளவு விஷம் வைக்கவில்லை. இன்றைய சர்க்யூட் போர்டு வைக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள். 2011-ல் விதி எழுதி 2012 மே மாதம் அமலாக்கினார்கள். 2016-ல் திருத்தி எழுதினார்கள். 2022-ல் மறுபடியும் எழுதி 2023 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். செல்போன் மாடல் மாதிரி விதியும் மாறுகிறது. பழைய விதிகளை எந்தப் பெட்டியில் போடுவது என்றுதான் தெரியவில்லை. விற்ற கம்பெனியே கழிவுக்குப் பொறுப்பு என்பது மூன்றுக்கும் பொதுவான சாரம். புது விதிப்படி கம்பெனி கழிவைக் கையால் தொட வேண்டாம். மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கி இணையதளத்தில் கணக்குக் காட்டினால் போதும். சான்றிதழுக்குக் கணக்கில் வரும் உலோகங்கள் எவை? தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். பேரீச்சம்பழக்காரரின் பட்டியல்தான், பித்தளைக்குப் பதில் செம்பும் தங்கமும். ஈயத்தையும் பாதரசத்தையும் ஒழுங்காக அப்புறப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சான்றிதழும் இல்லை, காசும் இல்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில், 2021-22-ல் நாட்டில் சேர்ந்த மின்கழிவு 16 லட்சம் டன். முறைப்படி சேகரித்துப் பதப்படுத்தியது 5.27 லட்சம் டன். மீதிப் பத்து லட்சத்துச் சொச்சம் டன் ஆவியாகிவிட்டதா?

ஒரு பகுதி ஆவியாகத்தான் ஆகிறது. ஒயரைக் கொளுத்தினால் பிளாஸ்டிக் எரிந்து செம்பு மிஞ்சும். டயாக்சின் காற்றில் ஏறும். போர்டுக்குச் சூடு காட்டினால் ஈயப் பற்று இளகிச் சில்லுகள் கழன்று விழும். புகை நெஞ்சுக்குள் போகும். டில்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் வெறுங்கையோடு ஆசிட் தொட்டியில் போர்டை முக்கி எடுப்பவர்களுக்கு எந்தக் கோலப் போட்டியிலும் இடமில்லை. அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம். கண்ணெரிச்சலில் தூக்கமே வராதவனுக்கு விழிப்புணர்வு ஊட்டுகிறார்களாம்!

தமிழ்நாட்டுக் கதை இன்னும் விசேஷம். 2006-ல் வந்த ஆட்சி வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தது, ஒன்றரைக் கோடிக்கு மேல். 2011-ல் வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, லேப்டாப் கொடுத்தது. ஏழை வீட்டுக்கு டிவி வந்ததை நான் குறை சொல்லவில்லை. கொடுக்கும்போது மேடையும் மைக்கும் இருந்தன. செத்த டிவியைத் திரும்ப வாங்க ஒரு திண்ணைகூட இல்லை. காயலான் கடைக்காரர் அதன் செம்புக் காயிலை உருவிக்கொண்டார். ஈயம் கலந்த கண்ணாடி பிக்சர் டியூப் காசு பெறாது; சென்னையில் அது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக்கோ போனது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரமே இருமியது. அந்தப் புகையில் எந்த ஆட்சியின் இலவசம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

சரி, கம்பெனிகளாவது? 2024-ல் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. வீட்டு மின்சாதனங்களின் கழிவுக்கு, மறுசுழற்சி செய்பவருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் கம்பெனி தர வேண்டும் என்றது. 2025-ல் சாம்சங், எல்ஜி முதலான பெரிய இடத்துப் பிள்ளைகள் டில்லி உயர்நீதிமன்றப் படியேறினார்கள். அரசு எப்படி விலை வைக்கலாம், செலவு கூடுமே என்பது வழக்கு. இவர்கள் விற்கும் ஃபிரிட்ஜ் விலையை நீங்களே நினைத்துப் பாருங்கள். அதன் பிணத்தைத் தூக்க கிலோவுக்கு 22 ரூபாய் கசக்கிறது. வெண்டைக்காய் பல நாள் அதைவிட விலை.

எல்லாருக்கும் மலிவானது விழிப்புணர்வு. கம்பெனிக்கு அது விளம்பரம், அதிகாரிக்குப் புகைப்படம், நமக்கு உறுதிமொழி. குற்றவாளி யார் என்று கேட்டால், சார்ஜரைத் தப்பான கூடையில் போட்ட மூன்றாம் மாடி மாமி!

மாமியை விடுங்கள். அடுத்த விழாவில் காயலான் கடைக்காரரை மேடையேற்றுங்கள். பொன்னாடை வேண்டாம், உரிமம், கையுறை, முகக்கவசம், புகை போக்கும் கூடம், மருத்துவ அட்டை கொடுங்கள். அவர் பிரித்தது முறையான ஆலைக்குப் போக வண்டி அனுப்புங்கள், இருநூறு கிலோவுக்குக் காத்திராமல். வண்டி வாடகையைக் கம்பெனி கட்டட்டும். தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் மேளா நடத்தும் கடையில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பழைய டிவி இங்கிருந்து எங்கே போகிறது?" பதில் தெரியாத கடையில் புதியது வாங்காதீர்கள்.

அது முடியாதென்றால், விழிப்புணர்வையாவது எடைக்குப் போடுங்கள். பேரீச்சம்பழமாவது கிடைக்கும்.