பூச்சி விட்டுவைத்ததே பழமை: மஞ்சக்குட்டையை முன்வைத்து ஒரு துணிக்கடை ஆய்வு

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையில், சனி ஞாயிறு மட்டும் திறக்கிற பழைய பாணித் துணிக்கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து அறை, கம்பியில் தொங்கும் நாற்பது உருப்படி, ரசம் போன ஆளுயரக் கண்ணாடி, கல்லாவுக்கு ஒரு பிஸ்கட் டப்பா. ஆய்வுக்கு இது போதும். இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக்கொண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. கேள்வி இதுதான்: அந்தக் கம்பியில் எது தொங்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? ரசனை என்பார் கடைக்காரர். அந்தக் காலத்து ஏக்கம் என்பார் வார இதழ்க்காரர். சினிமா என்பார் கல்லூரி மாணவர். மூவர் சொல்வதும் தவறு. தீர்மானிப்பது இராமபாணப் பூச்சி. 'விண்டேஜ்' என்று சீட்டுக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அது ஒரு தலைமுறை உடுத்தியவற்றில் பூச்சியும் பூஞ்சணமும் பாத்திரக்காரரும் வேண்டாமென்று ஒதுக்கிய மிச்சம். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலக்கணம். எத்தனை வயதானால் துணி விண்டேஜ் ஆகும்? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், ஒரு பொருள் தொல்பொருளாக 100 ஆண்டு கேட்கிறது. மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிக்கு 75 போதும் என்று சலுகை தருகிறது. 2021இல் வந்த மோட்டார் வாகன விதி, பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்கிறது; பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாதாம். மேல்நாட்டுத் துணி வியாபாரிகளுக்கு 20 ஆண்டே போதும். மூன்றையும் மஞ்சக்குட்டைக்கு ஏற்றிக் கொண்டுவந்தால் மூன்றும் வழுக்குகின்றன. 100 ஆண்டு என்றால் கடையில் கம்பி மட்டுமே மிஞ்சும். வாகன விதிப்படி, பக்கவாட்டில் பிரித்துவிட்ட ரவிக்கை தகுதி இழக்கும். ஒருமுறையாவது பிரித்துவிடாத ரவிக்கை தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. 20 ஆண்டு என்றாலோ, அப்பா தினமும் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற சட்டையே விண்டேஜ் ஆகிவிடுகிறது. அதை அவர் கழற்றித் தரவும் மாட்டார். ஆகவே வயதை விட்டுவிட்டு, எது மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்று பார்ப்பதே நேர்வழி.

1970களில் கல்யாணமான ஒருவருடைய டிரங்குப் பெட்டியை மலையில் திறந்தால் மேலாகக் கிடப்பது நைலெக்ஸ் சேலை. அதற்குக் கீழே டெரிலின் சட்டை, டெரிகாட்டன் பெல்பாட்டம். அன்றாடம் அவர்கள் உடுத்தியது இதையா? இல்லை. தோட்ட வேலைக்கும் அடுப்படிக்கும் உறக்கத்துக்கும் பருத்திதான். நைலெக்ஸ் கல்யாணம் காட்சிக்கு. நாள்தோறும் உடம்பில் இருந்தது மறைந்துபோய், வருஷத்தில் ஆறு நாள் உடுத்தியது மட்டும் நிற்கிறது. காரணம் இழையில் இருக்கிறது. சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடாது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே, ஐப்பசி கார்த்திகையில் சன்னலைத் திறந்தால் மேகமே உள்ளே வந்து உட்காருகிற மலையில், இது துணியின் உயிர்ப் பிரச்சினை. ஈரம் வாங்கிய பருத்தியில் கறுப்புப் புள்ளி விழும். அதில் கஞ்சியும் போட்டிருந்தால் இராமபாணத்துக்கு இலை போட்டுப் பரிமாறிய கணக்கு. அந்தப் பூச்சிக்கு மாவுச்சத்துதான் சாப்பாடு. புத்தகத்தின் பசையைத் தின்பதும் கஞ்சித் துணியை அரிப்பதும் ஒரே பசிக்குத்தான். எவ்வளவு அக்கறையாகக் கஞ்சி போட்டு, நீவி, மடித்து வைத்தார்களோ அவ்வளவு சீக்கிரம் போனது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் டெரிலினைக் கண்டுபிடித்தபோது சேர்வராயன் மலைப் பூச்சிகளைப் பட்டினி போடுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

மலை என்றால் கம்பளி இருக்குமே என்ற மறுப்பு இங்கே எழும். நியாயமான மறுப்பு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தது முதல், தோட்டத் துரைமார்களும் பள்ளிக்கூடத்துப் பாதிரிமார்களும் இங்கே இருந்திருக்கிறார்கள்; மார்கழிக் குளிருக்குக் கோட்டு இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் கம்பளிக்கென்றே ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. மயிரிலும் கம்பளியிலும் உள்ள புரதத்தைச் செரிக்கும் வயிறு அதன் புழுவுக்கு உண்டு. பருத்திக்கு இராமபாணம், கம்பளிக்கு அந்து, இரண்டுக்கும் பொதுவாகப் பூஞ்சணம் என்று இலாகா பிரித்துக்கொண்டு வேலை நடந்திருக்கிறது. பட்டாவது தப்பியிருக்க வேண்டும். அதைத் தெருவில் வந்த குரல் கொண்டுபோனது. பழைய பட்டுச்சேலை இருக்கா என்று கேட்டு வருகிறவருக்குச் சேலை தேவையில்லை, சரிகையில் உள்ள வெள்ளி போதும். எரித்தால் வெள்ளி நிற்கும். மற்றவற்றுக்குப் பாத்திரக்காரர். ஒரு குண்டானுக்கு எத்தனை பேண்ட் என்ற பேரம் நடக்கும்போது, அவர் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்குகிற வேகம் எந்த அருங்காட்சியகக் காப்பாளருக்கும் வராது. அவர் ஒதுக்கியது மறுபடி டிரங்குக்குள் போயிற்று. இன்று அதற்குத்தான் சீட்டுக் கட்டுகிறோம்.

கடையின் அன்றாடமும் இதையே காட்டுகிறது. வாரத்தில் இரண்டு நாள் திறப்பதால் பகுதி நேரக் கடை என்று பெயர். பகுதி நேரம் என்பதெல்லாம் ஆட்களுக்கு. துணிக்கு முழு நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை, வெயில் வந்தால் எடுத்துப் போட வேண்டும், மஞ்சு இறங்கினால் அள்ளிக்கொண்டு ஓடிவர வேண்டும். நேர்வெயிலில் சாயம் வெளுக்கும், போடாவிட்டால் வாடை போகாது. ஆகவே சில்வர் ஓக் நிழலில், காற்றுப்பட, உள்பக்கம் வெளியே தெரியும்படி. பட்டு ஒன்றிரண்டு தப்பி வந்திருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே அறும். வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் பழைய வேட்டித் துண்டில் முடிந்து இடுக்குகளில் வைக்க வேண்டும். அந்துருண்டையும் உண்டு. அது உருகாமலே நேராக ஆவியாகித் தேய்ந்துபோகும்; பகுதி நேரக் கடையின் லாபத்துக்கும் அதே இயற்பியல்தான். ஐந்து நாள் பூச்சியோடு போராடினால்தான் இரண்டு நாள் மனிதரோடு பேரம் பேச முடியும். சனிக்கிழமை வண்டியில் வந்து இறங்குகிறவர் முதலில் கேட்பது சைஸ். இங்கேதான் சிக்கல்: ரெடிமேட் பரவுவதற்கு முன் துணிக்கு சைஸ் கிடையாது, ஆள்தான் உண்டு, தையல்காரர் நாடாவைச் சுற்றிப் பிடித்த அந்த ஓர் ஆள். ரவிக்கையை உள்பக்கம் திருப்பினால் தெரியும். பக்கவாட்டில் விரலகலம் துணி விட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தையல் ஓட்டியிருப்பார்கள். ஒன்று பிரித்திருக்கும். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். இத்தனை நாள் உள்ளே மறைந்திருந்த அந்தப் பட்டை மட்டும் சாயம் மங்காமல் பளிச்சென்றிருக்கும். பெயர் தெரியாத ஒருவர் கொஞ்சம் சதை போட்ட வருஷத்தின் பதிவு அது. கடையில் பூச்சிக்குச் சம்பந்தமில்லாத வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த விரலகலம்தான்.

இரண்டாவது கேள்வி, 'இது யாரு போட்டது?' இதை வைத்து ஒரு பெரிய மறுப்பைக் கட்டுவார்கள்: பிறர் உடுத்தியதைத் தமிழர் தொடமாட்டார்கள், போகியன்று பழையதை எரிக்கிற பண்பாடு நம்முடையது, 'பழையன கழிதலும்' என்று நன்னூலாரே சொல்லியிருக்கிறார் என்று. நன்னூலார் சொன்னது இலக்கணத்துக்கு. அதைத் துணிக்கு நீட்டியது நாம். பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய துணி. அது ஆடுகிற தூளி அம்மாவின் சேலை. அண்ணன் சட்டை தம்பிக்கு வராத வீடு ஏது? தெரிந்தவர் உடுத்தியது என்றால் பாசம், தெரியாதவர் உடுத்தியது என்றால் கூச்சம், அவ்வளவே. கெட்டிக்காரக் கடைக்காரர் ரவிக்கைக்கு ஒரு பாட்டியைக் கற்பித்துவிட்டால் கூச்சம் போய்விடும். சினிமா வாதம் இன்னும் எளியது. 2008இல் வந்த 'சுப்பிரமணியபுரம்' 1980ஆம் ஆண்டு மதுரையைக் காட்டியது. அகலக் காலர்களைப் பார்த்துவிட்டுப் பரணில் ஏறியவர்கள் உண்டு. அங்கே பெல்பாட்டம் இருந்ததால்தானே எடுத்தார்கள்? சினிமா கையை நீட்டச் சொன்னது. கைக்கு அகப்பட்டது பூச்சி விட்டுவைத்தது. கனமான மறுப்பு ஒன்றுதான்: மெட்ராஸ் கட்டம். 1958இல் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் விற்ற சென்னைக் கைத்தறிக் கட்டத்துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. குறையென்று தொடங்கிய பேச்சு, சாயம் விடுவதே இதன் சிறப்பு என்ற விளம்பரத்தில் போய் முடிந்தது. அந்தப் பருத்திச் சட்டைகளை அங்கே இன்றும் தேடி வாங்குகிறார்கள். உண்மை. அவை அங்கே போனதால் தப்பின. இரண்டு மழைக்காலம் மஞ்சக்குட்டையில் தொங்கியிருந்தால் பக்கத்துச் சட்டைக்கும் சாயத்தைக் கொடுத்துவிட்டுப் பூஞ்சணம் பூத்திருக்கும்.

ஆகவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் அம்மாவுடைய, பாட்டியுடைய பருத்திச் சேலை ஒன்றாவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துக் கஞ்சி போகும்படி அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பில் வையுங்கள். பாத்திரக்காரர் குரல் கேட்டால் பீரோவைப் பூட்டுங்கள். நைலெக்ஸ் சேலைக்கு எதுவும் செய்ய வேண்டாம். அது இருக்கும்.